குகநாதன் சேர் குறைக்க மறுத்த விலை

கலகெதரச் சந்தையிலிருந்து ரிஸ்வான் நானாவின் அழைப்பு வந்தபோது, பன்வில நகரிலுள்ள எங்கள் தையலகத்தில் நான் குழந்தைச் சட்டைக்கான வெள்ளைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். மழை வருவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ரிஸ்வான் நானா சந்தையில் எங்கள் இடத்துக்கு அடுத்த இடத்தில் மலிவு உடுப்பு விற்பவர். அவர் என்னை அழைப்பது வழக்கமில்லை.

“அக்கா, ஐயாவுக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது. என்ட தம்பி த்ரீவீலர்ல ஏத்திக்கொண்டு போறான். நீங்க கண்டி ஆஸ்பத்திரிக்கு வாங்க,” என்றார்.

அவர் ஐயா என்று சொன்னது குகநாதன் சேரை. கத்தரிக்கோலைத் துணியின் மேலேயே போட்டுவிட்டு ஓடினேன். பஸ் வத்தேகமவைத் தாண்டும்போது சேரின் மனைவி யோகம் அக்கா அழைத்தார். “ரீட்டா, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்,” என்றார். பஸ்ஸில் யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டி வந்துவிட்டது என்று நடத்துனர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

கண்டிக் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கியவர்களில் அதிகம் பேருக்குக் குகநாதன் சேரின் முகம் தெரியாது. பல கிளைகள் உள்ள ஒரு குழந்தை உடுப்புக் கடையின் பின்னறையில் அவர் நெடுங்காலம் கொள்வனவு அதிகாரியாக இருந்தார். எங்களைப் போலத் தைத்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் அந்த அறையின் வாசலில் பைகளோடு காத்திருந்தவர்கள்தாம். நாங்கள் சொல்லும் விலையைக் குறைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். விலை குறைக்கப்பட்ட பக்கத்தில் நின்ற ஒருத்தி அந்த மனிதருக்காக ஏன் இப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவரை அறியாதவர்கள் கேட்கலாம். அறிந்தவர்கள் கேட்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதன்முறை நான் மாதிரிச் சட்டைகளோடு அவர் முன் போய் உட்கார்ந்தபோது, என் விலை மற்ற எல்லாருடைய விலையையும்விடக் குறைவாக இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆர்டரைப் பிடித்தே ஆகவேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் போயிருந்தேன். நெற்றியில் திருநீறும், கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டையுமாக அவர் சட்டைகளை உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். சட்டையின் கழுத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு விலையைப் பார்த்தார்.

“துணி, நூல், பட்டன், தைக்கிற ஆக்களின்ரை கூலி எல்லாம் சரி. இதிலை உங்கட கூலி எங்கை?” என்று கேட்டார்.

“எனக்கென்னாங்க சேர், மொதல்ல வேலை கெடைச்சா போதும்ங்க,” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ. கூலி இல்லாமல் வேலை செய்யிற ஆள் ஒருநாள் களைச்சுப்போய்த் தொழிலை விட்டிட்டுப் போகும். அப்ப நான் ஆரிட்டைச் சட்டை வாங்கிறது? போய்ச் சரியான விலையை எழுதிக்கொண்டு வாங்கோ. பேரம் பேசத்தான் நான் இருக்கிறன். ஆனால் பேரம் சரியான விலையிலை இருந்துதான் தொடங்கோணும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பன்விலயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவளை இந்த மனிதர் திருப்பி அனுப்புகிறாரே என்று. திரும்பி வந்து, என் கூலியையும் சேர்த்து எழுதிக் கொண்டுபோனேன். அவர் அதிலிருந்து கொஞ்சம் குறைத்தார். குறைத்த பிறகும் அது எங்களால் வாழக்கூடிய விலையாக இருந்தது. அந்த ஆர்டரில்தான் எங்கள் தையலகம் நிமிர்ந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் மெஷினுக்கு முன் உட்கார்ந்து, மாதச் சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கியது அப்போதுதான்.

அவர் இனிமையான மனிதர் என்று நான் சொல்லப்போவதில்லை. சரக்குப் பிந்தினால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மழை, மண்சரிவு, பஸ் வரவில்லை என்று நான் காரணம் சொல்லத் தொடங்கினால், “பன்விலயிலை மழை பெய்யுமெண்டு உங்களுக்கு முந்தியே தெரியும்தானே,” என்பார். வளைந்த தையல் ஒன்றுக்காக ஒரு முழுக் கட்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் வருகிறார் என்றாலே எங்கள் பெண்கள் தைத்ததையெல்லாம் பயந்து பயந்து மறுபடி புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பயம் எப்போது போனது என்று கேட்டால், எல்லாரும் ஊசி முறிந்த நாளைத்தான் சொல்வார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஆர்டர் அது. எங்களிடம் இருந்தவர்களில் நல்ல தையல்காரி புஷ்பம். அவளுடைய மெஷினில் ஊசி முறிந்தது. குழந்தை உடுப்புத் தைக்கும் இடத்தில் ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்துச் சேர்த்துப் பார்க்கவேண்டும். முழு ஊசி கிடைத்தால்தான் தையல் தொடரும். புஷ்பத்தின் ஊசியில் முனை மட்டும் கிடைக்கவில்லை. நிலத்தைக் கூட்டினோம், மெஷினைக் கவிழ்த்தோம், கிடைக்கவில்லை. அதற்குள் அந்த மேசையில் தைத்தவை எல்லாம் மற்றச் சட்டைகளோடு கலந்து மடிக்கப்பட்டிருந்தன. சேருக்குப் போன் செய்து சொன்னேன். “ஒண்டையும் அசைக்காதேங்கோ. வாறன்,” என்று மட்டும் சொன்னார்.

கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தோடு வந்து இறங்கினார். எங்களோடு தரையில் முழங்காலில் இருந்து தேடினார். ஒவ்வொரு சட்டையின் மேலும் காந்தத்தை இழுத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “ஊசிமுனை எந்தச் சட்டையிலை எண்டு தெரியாட்டி, அது எல்லாச் சட்டையிலும் இருக்கு. இது ஒண்டும் கடைக்குப் போகாது.”

புஷ்பம் அழத் தொடங்கிவிட்டாள். “என் சம்பளத்துல புடிச்சிக்கங்க சேர். வேலைய விட்டு மட்டும் நிப்பாட்டிறாதீங்க,” என்றாள்.

சேர் அவளுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஊசி முறியிறது உங்கட பிழையில்லை, பிள்ளை. இரும்பு எண்டா முறியும். முறிஞ்சதை நீங்கள் சொன்னியள். சொன்னதுக்குச் சம்பளம் வெட்டினால், அடுத்தமுறை இஞ்சை ஒருத்தரும் சொல்லமாட்டினம். பிறகு நான் ஆரை நம்பி ஒரு பிள்ளைக்குச் சட்டை விக்கிறது?” என்றார்.

அந்த நட்டத்தில் பாதியைக் கடை ஏற்கவேண்டும் என்று முதலாளியிடம் போய் வாதாடியிருக்கிறார். நீ என் கடையில வேலை செய்றியா, அந்தப் பொம்பளையோட தையல்கடையில வேலை செய்றியா என்று முதலாளி சத்தம் போட்டாராம். “ரெண்டும் ஒரே கடைதான் முதலாளி. முன்வாசல் இஞ்சை இருக்கு, பின்வாசல் பன்விலயிலை இருக்கு,” என்று இவர் சொல்லியிருக்கிறார். முதலாளி ஏசிக்கொண்டே பாதியைக் கொடுத்தார். அந்த முதலாளியும் ஒரு காலத்தில் துணியைத் தோளில் சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவர். அவருக்கு விளங்கியது.

பிறகு அந்த முதலாளி படுக்கையில் விழுந்தார். நாட்டுக்கும் கெட்ட காலம் வந்தது. எண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, துணி விலை நாளொரு விலை. கடைத்தெருவில் பல கடைகளின் கதவு திறக்கவில்லை. முதலாளியின் மகன் பொறுப்பெடுத்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. கடன் கழுத்தைப் பிடித்திருந்தது. எதிரில் புதிதாக வந்த கடை, எங்களால் துணிகூட வாங்கமுடியாத விலைக்குக் குழந்தைச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தது. அதே விலைக்கு எல்லாரும் தரவேண்டும், தரமுடியாதவர்கள் விலகவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார்.

அதைச் சொல்வதற்குக் குகநாதன் சேர் நேரில் வந்தார். பஸ் சரியாக ஓடாத நாட்கள் அவை. பாதி வழி யாருடைய லொறியிலோ வந்து, மீதியை நடந்து, நனைந்துபோய் வந்து நின்றார்.

“போன்லயே சொல்லியிருக்கலாமே சேர்,” என்றேன்.

“போனிலை சொல்லுற விசயமில்லை, தங்கச்சி,” என்றார். பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆர்டர் நின்றுபோனதை அவரே சொன்னார். ஏன் நின்றது என்பதையும் மறைக்காமல் சொன்னார். “உங்கட தையலிலை ஒரு குறையும் இல்லை. இதை ஒருத்தரும் மறக்கக்கூடாது,” என்றார். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு மழைக்குள் இறங்கிப் போனார்.

எங்களுக்குப் பதிலாகச் சேரின் கடைக்குப் புதிதாக வந்த மலிவுச் சட்டைகளில் கழுத்துப் பக்கத்தில் பிரஸ் பட்டன் இருந்தது, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் சின்னப் பட்டன். அதைச் சரியாக அடிப்பதற்கு உள்ளே இன்னொரு துணி வைக்கவேண்டும். அந்தத் துணி இருக்கவில்லை. இழுத்தால் கையோடு வரும் என்று சேர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். விலையைப் பாருங்கள் சேர் என்று இளைய முதலாளியிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

தெல்தெனியப் பக்கத்திலிருந்து ஒரு தாய் அந்தச் சட்டையோடு கடைக்கு வந்தார். சிங்களப் பெண். அவருடைய குழந்தை பட்டனைக் கடித்து இழுத்து விழுங்கி, அது தொண்டையில் சிக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஓடிக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தது. அவர் சத்தம் போடவில்லையாம். சட்டையை மேசையில் விரித்து, பட்டன் இருந்த ஓட்டையைக் காட்டிவிட்டு, “மற்ற அம்மாமாருக்குச் சொல்லுங்கள்,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அடுத்து நடந்ததைக் கடையில் அப்போது வேலைசெய்தவர்கள்தாம் எனக்குச் சொன்னார்கள். சேர் தன் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை.

ஒரு சட்டைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இளைய முதலாளி சொன்னார். “ஒரு பட்டன் கழண்டதுக்கு முழு ஸ்டொக்கையும் எடுக்கிறதா சேர்? அப்புறம் கடைய இழுத்து மூடவேண்டியதுதான்.”

“தம்பி, அந்தத் தாய் காசு கேட்டு வரேல்லை,” என்றார் சேர். “தன்ரை பிள்ளை தப்பிட்டுது. மற்றப் பிள்ளையளுக்காக வந்தவ. அவ பஸ் பிடிச்சு வந்து சொன்னதை, கடைக்குள்ளை இருக்கிற நாங்கள் செய்யாமல் விடுறதோ?”

அன்றே அவர் தன் கையால் அந்தச் சட்டைகளை எல்லாம் இறக்கினார். கட்டுகஸ்தோட்டைக் கிளைக்குப் போய் அங்கேயும் இறக்கினார். மற்றக் கிளைகளுக்கும் போனார். பெட்டிகளில் போட்டு ஒட்டி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று மூன்று மொழிகளிலும் எழுதி வைத்தார். கேட்ட வாடிக்கையாளர்களுக்குக் காரணத்தையும் சொன்னார். திரும்பி வந்தபோது, இனி வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மேசை லாச்சியிலிருந்த தன் கண்ணாடிக் கூட்டையும் தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தப் பெட்டிகள் பிறகு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை அவரை அரித்துக்கொண்டிருந்தது என்று யோகம் அக்கா சொல்வார். கண்டிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையின் கண்ணாடிக்கு முன் கொஞ்ச நேரம் நின்று, தொங்குகிற உடுப்புகளைப் பார்த்துவிட்டு வருவாராம்.

வேறு கடைகளில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கடைத்தெருவில் செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கதிரை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை.

ஒருநாள் அவர் எங்கள் தையலகத்துக்கு வந்தார். விற்க வழியில்லாமல் நாங்கள் தைத்துவைத்திருந்த சட்டைகள் அலுமாரி நிறையக் கிடந்தன. பெண்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். புஷ்பம் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “உங்களிட்டை உடுப்பு இருக்கு, எனக்கு வேலை இல்லை. ரெண்டு பேரும் சந்தைக்குப் போவம்,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படித்தான் அவர் வாரச் சந்தைகளில் வந்து நின்றார். தெல்தெனிய, கலகெதர, இடையில் எங்கே இடம் கிடைத்தாலும். நீலத் தறப்பாள் ஒன்றை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, சட்டைகளை அளவுவாரியாக அடுக்குவார். கஞ்சி போட்ட அதே அரைக்கைச் சட்டை. பல வருடம் குளிரூட்டிய அறையில் இருந்த மனிதர் வெயிலில் குந்தியிருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அந்தப் பின்னறை வாசலில் அவருக்காகக் காத்திருந்த ஒரு வியாபாரி ஒருநாள் சந்தையில் அவரைக் கண்டு, காணாததுபோல் திரும்பினார். சேர் எழுந்து போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார். “வெக்கப்படாதேங்கோ. நான் இப்பவும் அதே வேலைதான் செய்யிறன். மேசைதான் இல்லை,” என்றார்.

வியாபாரம் நன்றாக நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. பக்கத்தில் ரிஸ்வான் நானாவின் குவியல் காலியாகும்போது எங்கள் அடுக்குகள் குலையாமல் இருக்கும். ஒரு தோட்டத்துப் பெண் எங்கள் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, மெதுவாக வைத்துவிட்டு ரிஸ்வான் நானாவிடம் போனாள். நான் வாய்க்குள் ஏதோ ஏசினேன். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மலிவாய் வாங்கிறவையைப் பேசாதேங்கோ தங்கச்சி. அவையளுக்குத் தெரிவு இல்லை. விக்கிறவைக்குத்தான் தெரிவு இருக்கு.”

சொல்லிவிட்டு எழுந்து ரிஸ்வான் நானாவிடம் போனார். அந்தப் பெண் எடுத்திருந்த சட்டையை வாங்கி, பட்டன்களை இரண்டு பெருவிரல்களாலும் இழுத்துப் பார்த்தார். ஒன்று கையோடு வந்தது. வேறொன்றை எடுத்து இழுத்தார். அது நின்றது. அதை அவளிடம் கொடுத்தார். அவள் அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

“ஐயா, இப்பிடி ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தா நான் எதத்தான் விக்கிற?” என்று ரிஸ்வான் நானா தலையில் கைவைத்தார்.

“இழுத்தும் வராததை விக்கலாம்தானே,” என்றார் சேர்.

ரிஸ்வான் நானா முதலில் முறைத்தார். அடுத்த சந்தையில் அவரே குந்தியிருந்து பட்டன் இழுத்துக்கொண்டிருந்தார். கழன்றவற்றைத் தனியே ஒரு பைக்குள் போட்டார். என் கணக்கில் குகநாதன் சேர் வென்ற நாள் என்று ஒன்று இருந்தால் அதுதான். அவர் அதை வெற்றி என்று சொல்லவில்லை. தேநீருக்கு ரிஸ்வான் நானாவையும் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் கடைசிப் பேச்சு ஒரு சண்டை. அவர் போவதற்கு முந்திய நாள். துணி விலை மறுபடி ஏறியிருந்தது. விற்காத சரக்கு சேர்ந்திருந்தது.

“கொஞ்சம் கொறைச்சு வித்துருங்க சேர். கையில காசு வேணும். நானும் எத்தன நாளைக்குத்தான் தாங்குறது?” என்று போனில் கேட்டேன்.

“குறைக்கிறன். உங்கட ஆக்களிலை ஆரை நிப்பாட்டுறது எண்டு பேரைச் சொல்லுங்கோ. சொன்ன உடனை குறைக்கிறன்.”

“பேசுறது லேசுங்க சேர். வாடகை குடுக்கிறது நான்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் திரும்ப அழைக்கவில்லை. மறுநாள் தனியாகவே பைகளைச் சுமந்து கலகெதரவுக்குப் போயிருக்கிறார். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தையிலிருந்து வீடு வந்ததும் கணக்குச் சொல்ல அழைப்பார். அப்போது பேசிச் சரிப்படுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் அவருடைய வீட்டு முற்றம் சிறியது. வவுனியாவிலிருந்து மகள் வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள். யாரும் எதிர்பாராத விதமாகப் பழைய முதலாளி வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். மகன் அவருக்குப் பின்னால் நின்றார். முதலாளி நெடுநேரம் சேரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யோகம் அக்காவிடம் கேட்டார்:

“குகன் ஏன்மா என் கடைய விட்டுட்டுப் போனாரு? நான் விழுந்து கெடந்தப்ப ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாரே. நான் என்னா தப்பு செஞ்சேன்?”

அவருக்கு ஒருவரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை காலமும் குகநாதன் தானாக விலகிப் போனார் என்றே நினைத்து மனம் நொந்திருக்கிறார். முற்றத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உண்மை தெரியும். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

யோகம் அக்கா அந்த மகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. அவர் களைச்சுப் போனார் முதலாளி. அதுதான் நிண்டவர். உங்களை அவர் ஒருநாளும் குறைச்சுக் கதைச்சதில்லை,” என்றார்.

கிழவர் குழந்தைபோல அழுதார். மகன் வெளியே போய் வாசல் மதிலில் தலையை வைத்துக்கொண்டு நின்றார்.

சேரை மஹியாவைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு ரிஸ்வான் நானா வந்தார். சந்தையில் விட்டுப்போன பைகளைக் கொண்டுவந்திருந்தார். சட்டைகளை அளவுவாரியாக, சேர் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தார். அன்று விற்ற பணத்தை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார். தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தன் குவியலைச் சும்மா மூடிப்போட்டு, எங்கள் தறப்பாளில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அவர்தான் விற்றிருக்கிறார்.

“எல்லாரும் கொறச்சுத் தாங்கண்டு கேட்டாங்க அக்கா,” என்றார். “ஐயாட வெலையில நான் ஒரு சதம் கொறைக்கல்ல. மனுசன் ஆஸ்பத்திரியால வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற?”

அதுவரை நான் அழவில்லை. அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் அழுதேன்.

தையலகத்தில் இப்போது மூன்று பெண்களும் நானும் இருக்கிறோம். எவ்வளவு காலம் இருப்போம் என்று சொல்ல முடியவில்லை. சேரைப்போல் உறுதியாக நிற்க எனக்கு வராது. விலையைக் குறைத்துவிடலாம் என்று தினமும் ஒருமுறை நினைக்கிறேன். பிறகு மூன்று பெயர்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எந்தப் பெயரிலும் நிற்க முடியாமல் அந்த நினைப்பு போய்விடுகிறது.

அவர் போன பிறகு முதன்முறையாக, கடந்த வாரம் தனியாகக் கலகெதரவுக்குப் போனேன். சந்தையில் எல்லாரும் தொண்டை கிழியக் கூவுவார்கள். அவருக்குக் கூவ வராது. யாராவது ஒரு தாய் நின்றால், கோயிலில் பேசுவதுபோல மெதுவாக, “தொட்டுப் பாருங்கோ அம்மா. வாங்கோணுமெண்டு இல்லை,” என்பார். இப்படிச் சொன்னால் யார் காதில் விழும் சேர் என்று நான் எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுப்பகல் தாண்டியும் ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து நின்றாள். விலையைக் கேட்கத் தயங்குகிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஏதாவது சொல்லி அவளை நிற்கவைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“தொட்டுப் பாருங்கோ அம்மா,” என்றேன்.

எங்கள் மலையில் யாரும் அந்த வடக்குப் பேச்சில் ‘பாருங்கோ’ என்று சொல்வதில்லை. நானும் என் பிறவியில் அப்படிப் பேசியதில்லை. குகநாதன் சேரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சுத்தான். அது எப்போது என் நாக்கில் வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தறப்பாளில் ரிஸ்வான் நானா, அவரே வந்துவிட்டார் என்பதுபோலச் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.